பதினெட்டு வயதில் அறுந்து போகிற ஏணி

2019 செப்டெம்பர் 28. மெல்பேர்ண் கிரிக்கெட் மைதானத்தில் 100,014 பேர் கூடியிருந்தார்கள். அவுஸ்திரேலிய உதைபந்தாட்டத்தின் உச்ச லீக்கான ஏஎப்எல்லின் இறுதியாட்டம். றிச்மண்ட் அணிக்காக 50ஆம் இலக்கச் சட்டையோடு இறங்கிய மார்லியன் பிக்கற்றுக்கு அதுதான் முதலாவது ஏஎப்எல் ஆட்டம். வயது 27. இறுதியாட்டத்திலேயே ஒருவர் அறிமுகமானது 1952க்குப் பிறகு அதுதான் முதல் தடவை. றிச்மண்ட் 89 புள்ளிகளால் வென்றது.

அதற்கு முந்தைய வாரம் அவர் எங்கே இருந்தார்? விஎப்எல் என்கிற இரண்டாம்தர லீக்கின் இறுதியாட்டத்தில், றிச்மண்டின் இரண்டாவது அணிக்காக ஆடி, சிறந்த வீரர் பதக்கத்தை எடுத்துக்கொண்டிருந்தார். அதற்கும் முன்பு? மேற்கு அவுஸ்திரேலியாவில், சவுத் பிரிமாண்டில் என்ற பழைய கழகத்தில். அவர் நூங்கார் பூர்வகுடியைச் சேர்ந்தவர். இளவயதில் சிறைவாசமும் அனுபவித்தவர். வருசா வருசம் நடக்கிற ஆள் தெரிவில் திரும்பத் திரும்ப அவருடைய பெயர் வாசிக்கப்படவே இல்லை.

இதை அங்கே அதிசயக் கதையாகச் சொல்லுவினம். நாங்கள் குற்றப்பத்திரிகையாக வாசிக்கிறோம். இப்படியொரு ஆட்டக்காரனை 27 வயதுவரை காணாமல் விட்ட கண் என்ன கண்? அத்தனை வருசமும் அவருக்கு ஒரு சட்டையும் ஒரு மைதானமும் கொடுத்து வைத்திருந்தது ஏஎப்எல் அல்ல, கீழே இருந்த ஒரு ஊர்க் கழகம். அந்தக் கீழ்ப்படிகளைத்தான் 'மறுசீரமைப்பு' எண்டு சொல்லிச் சொல்லி முப்பது வருசமாக ஏஎப்எல் கழற்றிக்கொண்டு வருகிறது.

கிரிக்கெட் பார்க்கிற எங்களுக்கு இது ஏன் எண்டு கேட்பீர்கள். எங்களில் கனபேருக்கு மெல்பேர்ணில் சொந்தக்காரர் இருக்கினம். தண்டினோங் பக்கம் போனால் இலங்கைக் கடைகள், இலங்கைக் குடும்பங்கள். அங்கே வளர்கிற மச்சான், மச்சாள்மார் இந்த விளையாட்டைத்தான் பள்ளிக்கூடத்தில் விளையாடுகிறார்கள். ஒரு பக்கம் 18 பேர், முட்டை வடிவப் பந்து, நீள்வட்ட மைதானம். காலால் உதைக்கலாம், கையால் குத்தி அனுப்பலாம், எறிய மட்டும் ஏலாது. அந்தப் பிள்ளைகள் எந்தப் படியில் ஏறலாம், எந்தப் படியில் வழுக்கி விழுவார்கள் என்பதைத் தீர்மானிப்பது உச்ச லீக் அல்ல. அதற்குக் கீழே இருக்கிற இளையோர் லீக்கும் இரண்டாம்தர லீக்கும்தான்.

முதலில் என்ன இருந்தது எண்டு பார்ப்போம்.

விக்டோரியாவின் பெரிய கழகங்கள் எல்லாம் ஒரு காலத்தில் மூன்று அணி வைத்திருந்தன. மேலே மூத்த அணி. அதற்குக் கீழே, 1919இலிருந்து, இரண்டாம் அணிகளுக்கென்று தனியான சுற்றுப்போட்டி. அதற்கும் கீழே, 1946இலிருந்து, 19 வயதுக்குட்பட்டோர் போட்டி. சனிக்கிழமை முதன்மை ஆட்டத்துக்கு முன்னம் அதே மைதானத்தில் இரண்டாம் அணிகள் மோதும். நேரத்தோடு வந்த சனம், நாளைக்கு மேலே வரப்போகிற பெடியனை இன்றைக்கே பார்த்து வைத்திருக்கும்.

1986இல் டிராப்ட் வந்தது. கடைசியாக வந்த கழகம் முதலாவதாக ஆள் எடுக்கலாம். நல்ல நோக்கம்தான்: பணக்காரக் கழகம் எல்லாரையும் அள்ளிக்கொண்டு போகாமல் தடுக்கிறது. ஆனால் அதற்கு ஒரு பக்கவிளைவு இருந்தது. நீ வளர்க்கிற பிள்ளையை நாளைக்கு வேறு கழகம் எடுத்துக்கொண்டு போகும் என்றால், நீ ஏன் வளர்க்கப் போகிறாய்? 1991 முடிவோடு 19 வயதுக்குட்பட்டோர் போட்டி மூடப்பட்டது. 1992இல் அதற்குப் பதிலாக 18 வயதுக்குட்பட்டோருக்கான பிராந்திய லீக் வந்தது. அனுசரணையாளர் மாற மாறப் பெயர் மாறி, இன்றைக்கு அது டலன்ற் லீக். 1999 முடிவோடு இரண்டாம் அணிகளின் போட்டியும் போயிற்று. அந்த அணிகளை, அல்லது அவற்றில் மிஞ்சிய ஆட்களை, 2000இலிருந்து விஎப்எல்லுக்குள் தள்ளினார்கள்.

இந்த விஎப்எல் யாருடையது? 1877இல் தொடங்கிய பழைய விக்டோரியச் சங்கத்தின் வாரிசு அது. போர்ட் மெல்பேர்ண், வில்லியம்ஸ்டவுண், கோபர்க் மாதிரிப் பேட்டைக் கழகங்களின் சொத்து. தனக்கென்று கிண்ணம், தனக்கென்று பகை, தனக்கென்று சனம் உள்ள லீக். அதற்குள் ஏஎப்எல் கழகங்கள் வந்து பாய் விரித்தன. சில கழகங்கள் தங்கள் இரண்டாவது அணியை நேரே இறக்கின. சில, ஒரு பேட்டைக் கழகத்தோடு ஒப்பந்தம் போட்டுத் தங்கள் மிச்ச ஆட்களை அங்கே அனுப்பின. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே.

இதன் கணக்கு விளங்கினால் மிச்சம் எல்லாம் விளங்கும். ஒரு ஏஎப்எல் கழகத்தின் பட்டியலில் 40 பேருக்கு மேல் இருப்பார்கள். வார இறுதியில் இறங்கக்கூடியது 22, 23 பேர். மிச்ச இருபது பேரில் காயக்காரரைக் கழித்தால் பத்துப் பதினைந்து பேர் மிஞ்சும். இது ஒரு அணிக்குக் காணாது. ஆனால் சும்மா இருத்தி வைக்கவும் ஏலாது. அதனால் பகலில் வேலை, பின்னேரம் பயிற்சி எண்டு இருக்கிற பகுதிநேர ஆட்டக்காரரைக் கொண்டு மிச்ச இடத்தை நிரப்புகிறார்கள். வியாழக்கிழமை மேலே ஒருவருக்குத் தொடை பிடித்தால், கீழே ஒருவருடைய இடம் மாறும். எந்த வாரம் யார் வருவார் எண்டு அந்த அணியின் பயிற்றுநருக்கே தெரியாது. மூத்த அணிக்கு ஆள் தயார்படுத்துவதுதான் முதல் வேலை. வெல்வது அதற்குப் பிறகுதான். இதை ஒரு லீக் எண்டு சொல்லிச் சனத்திடம் ரிக்கெற் விற்கிறார்கள்.

இந்த ஒப்பந்தங்கள் என்ன செய்யும் என்பதற்குப் பெண்டிகோவைப் பாருங்கள். எசெண்டன் கழகத்தின் துணை அணியாகப் பத்து வருசம் இருந்த ஊர். 2012 முடிவோடு எசெண்டன் தனக்கெனச் சொந்த அணி இறக்கப் போய்விட்டது. பெண்டிகோ தனியே நின்று பார்த்தது. 2014 முடிவோடு விஎப்எல்லில் பெண்டிகோ இல்லை. பல்லராற்றைப் பாருங்கள். நோர்த் பல்லராற் 2008, 2009, 2010 மூன்று வருசமும் தொடர்ந்து விஎப்எல் கிண்ணம் எடுத்த கழகம். 2017 முடிவோடு அதன் உரிமம் போயிற்று. இப்ப விக்டோரியாவின் நாட்டுப்புறத்துக்கு விஎப்எல்லில் ஒரு சொந்தக் கழகமும் இல்லை. ஜீலோங்கின் இரண்டாவது அணி இருக்குத்தான். அது ஏஎப்எல்லின் நிழல்.

2021இல் அடுத்த மறுசீரமைப்பு. கொரோனாக் காலத்தைச் சாட்டி, நியூ சவுத் வேல்ஸ், குயீன்ஸ்லாந்துப் பக்கத்து இரண்டாம்தர லீக்கைக் கலைத்து, விஎப்எல்லோடு ஒட்டினார்கள். 22 கழகங்கள். சிட்னி, பிரிஸ்பேன், கோல்ட் கோஸ்ட் கழகங்களின் இரண்டாவது அணிகளுக்கு உடனே இடம் கிடைத்தது. கன்பரா, ரெட்லண்ட், சிட்னிப் பல்கலைக்கழகம் வெளியே. பிரிஸ்பேனின் அஸ்ப்லி கழகம் உள்ளே வந்து ஒரே பருவத்தோடு விலகிப் போனது. ஒரு லீக்கில் எல்லாரும் எல்லாரோடும் ஒரு தடவையாவது மோத வேணும். அதுகூட இங்கே நடக்கிறதில்லை, கழகங்கள் கூட, வாரங்கள் குறைவு. தஸ்மேனியாவில் இன்னும் வேடிக்கை. 2023இல் அந்தத் தீவுக்கு 19ஆவது ஏஎப்எல் உரிமம் கிடைத்தது. 2024ஓடு தீவு முழுவதற்குமான லீக்கை மூடினார்கள். கூரை போட முதலே சுவரை இடிக்கிற கட்டடக்காரர்.

தெற்கிலும் மேற்கிலும் நிலைமை கொஞ்சம் வித்தியாசம். அதனால்தான் அதைக் கவனமாகப் பார்க்க வேணும். அடிலெய்டின் எஸ்ஏஎன்எப்எல், பேர்த்தின் டபிள்யூஏஎப்எல் இரண்டும் நூற்றாண்டு கடந்த லீக்குகள். அங்கே ஊர்க் கழகத்துக்கென்று ஒரு பிராந்தியம் இருக்கு. அந்தப் பிராந்தியத்துப் பிள்ளை அதே கழகத்தின் இளையோர் அணியில் சேர்ந்து, இரண்டாம் அணிக்கு ஏறி, மூத்த அணிக்கு வரலாம். சட்டை ஒன்று, மைதானம் ஒன்று. 18 வயதில் ஏஎப்எல் எடுத்தால் நல்லது. எடுக்காவிட்டால் அடுத்த செவ்வாய்க்கிழமையும் அதே மைதானத்துக்குத்தான் பயிற்சிக்கு வருவான். பிக்கற் 27 வயதுவரை ஆட்டத்தில் நின்றது இந்த ஒழுங்கால்தான். மத் பிரிடிஸ் என்பவரையும் பல தடவை டிராப்ட்டில் தாண்டிப் போனார்கள். பேர்த்தின் சுபியாக்கோ கழகத்தில் ஆடி ஆடியே தன்னைக் காட்டினார். 2014இல் ஏஎப்எல்லின் மிகப் பெரிய தனிநபர் விருதான பிரவுன்லோ பதக்கம் அவருக்கு.

இப்ப விக்டோரியாவைப் பாருங்கள். டலன்ற் லீக்கில் ஆடுகிற கிப்ஸ்லண்ட் பவர், பெண்டிகோ பயனியர்ஸ், மறே புஷ்ரேஞ்சர்ஸ், தண்டினோங் ஸ்ரிங்ரேஸ் எல்லாம் பிராந்தியத்தின் பெயரால் இருக்கிற இளையோர் அணிகள். அவற்றுக்கு மேலே சொந்த மூத்த அணி கிடையாது. மில்டூராப் பெடியன் பெண்டிகோ அணிக்கு உரியவன். மில்டூராவிலிருந்து பெண்டிகோவுக்கு ஏறத்தாழ 400 கிலோமீற்றர். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் போகிற தூரம். அந்தத் தூரம் ஓடி ஓடி ஆடிவிட்டு, 18 வயதில் டிராப்ட்டில் பெயர் வராவிட்டால் அடுத்த நாள் அவனுக்கு எந்த அணி? பெண்டிகோவில் ஏறுவதற்கு அடுத்த படி இல்லை. மெல்பேர்ணுக்குப் போய், வாடகைக்கு அறை எடுத்து, வேலை தேடி, ஒரு விஎப்எல் கழகத்தின் கதவைத் தட்ட வேணும். காசுள்ள வீட்டுப் பிள்ளை தட்டும். மற்றவன் ஊர் லீக்கோடு நின்றுவிடுவான். ஏணி இந்த இடத்தில்தான் அறுகிறது.

இந்த அறுப்பு எல்லாரையும் ஒரே மாதிரி வெட்டுவதில்லை. மெல்பேர்ணின் கட்டணம் கூடிய தனியார் பாடசாலைகளில் ஏஎப்எல்லில் ஆடி முடித்தவர்களே பயிற்சி கொடுக்கிறார்கள். உடற்பயிற்சிக்கூடம் இருக்கு, புல்தரை இருக்கு. பாடசாலைப் பருவம் நடக்கும்போது அந்தப் பிள்ளைகள் பிராந்திய அணிக்கு வராமல் பாடசாலைக்கு ஆடுகிறார்கள். பிராந்திய லீக் அதற்கு வளைந்து கொடுக்கிறது. இன்னொரு பக்கம், 12, 13 வயதில் குடும்பத்தோடு வந்து இறங்கி, முதன்முதலாக அந்த முட்டைப் பந்தைத் தொடுகிற பிள்ளை. 16 வயதுக்குட்பட்டோர் குழாம் தெரிகிற நேரம் அவன் இன்னும் பந்து எந்தப் பக்கம் துள்ளும் எண்டு படித்துக்கொண்டிருக்கிறான். திறமை பிந்தி வந்ததல்ல, வாய்ப்புப் பிந்தி வந்தது. 18இல் கதவடைக்கிற ஒழுங்கு, பிந்தி வந்தவர்கள் எல்லாரையும் தள்ளி வைக்கிற ஒழுங்கு: குடியேறிய பிள்ளைகள், தூரத்துப் பூர்வகுடிப் பிள்ளைகள், நாட்டுப்புறத்துப் பிள்ளைகள். பல்லினப் பிள்ளைகளுக்கெனக் கழகங்கள் நடத்துகிற அக்கடமிகளை நாங்கள் பழிக்கவில்லை. ஆனால் 18இல் அறுகிற ஏணிக்குக் கீழ்ப்பக்கத்தில் மட்டும் வர்ணம் பூசி என்ன பயன்?

பெண்கள் பக்கம் இன்னும் மோசம். ஏஎப்எல்டபிள்யூ 2017இல் எட்டு அணிகளோடு தொடங்கியது. 2022இல் 18 அணி. ஐந்து வருசத்தில் உச்சி இரட்டிப்புக்கு மேல் வளர்ந்தது. அடியில் என்ன நடந்தது? 2022இல் உச்ச லீக்கை ஓகஸ்ற் மாதத்துக்குத் தள்ளினார்கள். விக்டோரியப் பெண்கள் லீக்கோ அதற்கு முன்னமே முடிந்துவிடும். அப்படியென்றால் பருவத்தின் நடுவில் அணியில் இடம் கிடைக்காத ஒரு வீராங்கனை தன்னை நிரூபிக்க எங்கே போய் ஆடுவாள்? பயிற்சியில் ஓடலாம். பயிற்சியில் ஓடுவதை ஆட்டம் எண்டு யாரும் சொல்ல மாட்டார்கள்.

சரி, என்ன செய்யலாம்? நாங்கள் மூன்று விசயம் சொல்லுகிறோம்.

ஒன்று. ஏஎப்எல் கழகங்கள் தங்கள் இரண்டாவது அணிகளைத் தாங்களே தனிப் போட்டியில் நடத்தட்டும், 1999வரை நடத்தியது போல. முதன்மை ஆட்டத்துக்கு முன்னாட்டமாக, அதே மைதானத்தில். பறக்கிற செலவு கூடும் எண்டு சொல்லுவினம். 2025 முதல் 2031 வரை ஒளிபரப்பு உரிமைக்கு மட்டும் 4.5 பில்லியன் டொலருக்கு ஒப்பந்தம் செய்த அமைப்பு, இருபது பேருக்கு விமான ரிக்கெற் எடுக்க ஏலாது எண்டு சொன்னால் நாங்கள் சிரிக்கத்தான் வேணும். ஆள் காணாது எண்டும் சொல்லுவினம். உண்மை, கணக்கை நாங்களே மேலே சொன்னோம். அந்தக் குறையை நிரப்ப ஒவ்வொரு கழகமும் 19 வயதிலிருந்து 22 வயதுவரை உள்ள பத்துப் பேரைச் சம்பளம் கொடுத்து எடுக்கட்டும். 18இல் தவறியவர்களுக்கு அதுவே இரண்டாவது கதவு.

இரண்டு. விஎப்எல், எஸ்ஏஎன்எப்எல், டபிள்யூஏஎப்எல் மூன்றையும் ஊர்க் கழகங்களிடம் திருப்பிக் கொடுங்கள். 36 தடவை தென் அவுஸ்திரேலியக் கிண்ணம் எடுத்த போர்ட் அடிலெய்ட் மக்பைஸ் 2014இலிருந்து ஓர் ஏஎப்எல் கழகத்தின் இரண்டாவது அணி. பேர்த்துக்குத் தெற்கே மண்டூரா நகரத்தின் பீல் தண்டர், பிரிமாண்டில் கழகத்தோடு இணைந்த பிறகு 2016, 2017 இரண்டு வருசமும் வென்றது. அந்த வெற்றியில் மண்டூராவின் பங்கு எவ்வளவு, பிரிமாண்டிலின் பங்கு எவ்வளவு? இந்தக் கேள்வி எழுகிற கிண்ணத்தை எந்தச் சனம் மனமாரத் தூக்கும்? மாறாக 2024ஐப் பாருங்கள். வெரிபி, எந்த ஏஎப்எல் கழகத்தோடும் இணையாத கழகம். முதல் வருசம் இறுதியாட்டத்தில் கோல்ட் கோஸ்ட்டின் இரண்டாவது அணியிடம் தோற்றது. அடுத்த வருசம் வந்து விஎப்எல் கிண்ணத்தை எடுத்தது, 1993க்குப் பிறகு முதல் தடவை. அது வெரிபியின் வெற்றி, வேறு யாருடையதும் அல்ல.

மூன்று. விக்டோரியாவின் ஒவ்வொரு பிராந்திய இளையோர் அணிக்கும் மேலே ஒரு மூத்த கழகம் இருக்க வேணும். இருக்கிற விஎப்எல் கழகத்தோடு இணைக்கலாம். இல்லாத இடத்தில், பல்லராற்றிலும் பெண்டிகோவிலும் கிப்ஸ்லண்டிலும், திரும்பக் கட்ட வேணும். இளையோர் வயதெல்லையை 19 ஆக்க வேணும், டிராப்ட் வயதையும் 19 ஆக்க வேணும். பள்ளிக்கூடக் கடைசி வருசப் பரீட்சையும் வாழ்க்கையைத் தீர்மானிக்கிற தெரிவும் ஒரே வருசத்தில் ஒரு பிள்ளையின் தலையில் விழத் தேவையில்லை. பெண்கள் லீக்குக்கு உச்ச லீக் நடக்கிற அதே மாதங்களில் இரண்டாம் அணிப் போட்டி வேணும்.

எதிர்ப்பக்கத்தில் ஒரு நியாயமான வாதம் இருக்கு. அதை மறைக்க மாட்டோம். முழுநேர ஆட்டக்காரரோடு சேர்ந்து ஆடுவதால் பகுதிநேரப் பெடியன் முன்னேறுகிறான் என்பது உண்மை. மஜாக் டோ சூடானில் பிறந்து, 2003இல் குடும்பத்தோடு அவுஸ்திரேலியா வந்தவர். 2009 முடிவில் நோர்த் மெல்பேர்ண் அவரை எடுத்தது. ஆனால் ஏஎப்எல்லில் இறங்கியது 2013இல்தான். இடையில் இருந்த வருசங்களில் அவரை வளர்த்தது அக்காலத்தில் நோர்த் மெல்பேர்ணோடு இணைந்திருந்த அதே வெரிபிதான். இணைப்பு அவருக்கு நல்லதே செய்தது. ஆனால் அந்தக் கதை சொல்வது என்ன? பிந்தித் தொடங்கியவனுக்கு மூன்று வருசம் பொறுமை வேணும், அந்தப் பொறுமைக்கு ஒரு இடம் வேணும். அந்த இடத்தை ஓர் ஒப்பந்தத்தின் தயவில் தொங்க விடாதீர்கள் என்பதுதான் எங்கட கதை. ஒப்பந்தம் முடிந்த பெண்டிகோவுக்கு என்ன நடந்தது எண்டு பார்த்தோம்தானே.

இன்னொரு வாதம்: ஏஎப்எல் விலகினால் ஊர்க் கழகங்கள் காசில்லாமல் செத்துப் போகும். சாகலாம், வெறுங்கையோடு விட்டால். பிராங்ஸ்ரன் கழகம் 2016இல் கடனால் உரிமம் இழந்து, 2018இல்தான் திரும்பி வந்தது. அதனால்தான் சொல்லுகிறோம்: கீழ்ப்படிக்குக் கொடுக்கிற காசு பிச்சை அல்ல, விலை. உச்ச லீக்கில் ஓடுகிற ஒவ்வொருவரையும் யாரோ ஒரு ஊர் வளர்த்துக் கொடுத்திருக்கு. அந்த வளர்ப்புச் செலவை ஒளிபரப்புக் காசிலிருந்து ஒரு நிலையான பங்காக எழுதிக் கொடுக்க வேணும், வருசா வருசம் கெஞ்ச வைக்காமல்.

கடைசியாக, அதே 2019 செப்டெம்பர். மெல்பேர்ணில் பிக்கற் கிண்ணம் தூக்கிய அதே மாதம், பேர்த்தில் டபிள்யூஏஎப்எல் இறுதியாட்டம். சவுத் பிரிமாண்டில் சுபியாக்கோவிடம் தோற்றது. பருவத்தின் நடுவில் தன் சிறந்த ஆட்டக்காரரில் ஒருவரை மேலே கொடுத்துவிட்டு இறங்கிய கழகம். அவர் இருந்திருந்தால் வென்றிருக்கும் எண்டு நாங்கள் சொல்லவில்லை. மேலே போன பெடியனை நினைத்து அந்த ஊர்ச் சனம் பெருமைப்பட்டுத்தான் இருக்கும். ஆனால் அடுத்த பிக்கற்றும் அங்கே எங்கேயோ ஒரு பின்னேரப் பயிற்சியில் ஓடிக்கொண்டிருப்பான். அவன் 27 வயதுவரை ஓட ஒரு மைதானம் மிஞ்சியிருக்குமா என்பதுதான் கேள்வி. அதற்குப் பதில் சொல்லாத எந்த மறுசீரமைப்பும் எங்களுக்கு வேண்டாம்.